பக்கத்தில் காலியாக இருந்த இடம்

மேடையில் அமர்ந்திருக்கும் நம் சங்கச் செயலாளர் சித்ரா அவர்களே, வானகரம் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து வந்திருக்கும் ராகவன் சார் அவர்களே, முன்வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் தலைவர் வேம்புலியின் மனைவி, என் மருமகள் முறை தேசம்மாவே, ஏரிக்கரை இருளர் காலனிச் சொந்தங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

என் பேரன் தேவா வயரிங் லைசென்ஸ் வாங்கி அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறான். அவன் தங்கச்சி லாவண்யா நர்சிங் முடித்து ஆவடியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். சின்னவள் சிம்ரன், நம் காலனியில் பாம்பு மீட்கிற அனுமதி வாங்கிய முதல் பெண். இரங்கல் கூட்டத்தில் இந்தக் கிழவி தன் வீட்டுப் பெருமையைப் படிக்கிறாளே என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கேட்கிறேன், இந்த மூன்று பேரையும் ஆளாக்கியது யார்? நானா? ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். அவர்கள் பாரத்தில் எந்த இடத்தில் கையெழுத்துப் போடுவது என்றுகூட எனக்குத் தெரியாது. ஆளாக்கியது தலைவர் வேம்புலி. அவர் போய் இன்றைக்குப் பதினாறு நாள்.

முன்னே நம் காலனிக்கு யார் யாரோ வந்தார்கள். தையல் மெஷின் இறக்கினார்கள். மெழுகுவர்த்தி செய்யச் சொன்னார்கள். உங்களுக்கு இன்னா வேணும்னு ஒருத்தர் கேட்டாரா? வேம்புலி கேட்டார். நம்மில் ஒருத்தர், நம்மை ஏரி மதகு பக்கம் உட்கார வைத்துக் கேட்டார். மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். பொம்பளைங்க பேசாமல் கூட்டம் கலையக் கூடாது என்றார். பேசினோம். வயரிங் வேண்டும் என்றோம், நர்ஸ் படிப்பு வேண்டும் என்றோம். நமக்குத் தெரிந்த பாம்பு வேலையை சர்க்கார் அனுமதியோடு, முறையாகச் செய்ய வேண்டும் என்றும் முடிவெடுத்தோம். சுற்றியிருந்த வயலெல்லாம் அடுக்குமாடி ஆகிவிட்டது. மழை பெய்தால் பாம்பு வேறு எங்கே போகும்?

"பாம்பு புடிக்க நம்மளுக்கே கிளாஸா மாமே?" என்று நம்ம நாகேந்திரன் அன்றைக்குச் சிரித்தான்.

வேம்புலி என்ன சொன்னார்? "நீ இருளன்னு பாம்புக்குத் தெரியுமாடா? கடிக்க வந்தா சாதி சர்டிபிகேட்ட எடுத்துக் காட்டுவியா?"

கிளாஸ் எடுத்தார். வெறுங்கையால் தொடக் கூடாது. ஒருவர் கொக்கிக் கம்பு பிடிக்க வேண்டும், ஒருவர் பை பிடிக்க வேண்டும். தனியாக யாரும் போகக் கூடாது. கிளம்பும் முன் இரண்டு பேரும் இந்தச் சங்க ஷெட் வாசலில் சேர்ந்து நின்று படம் எடுத்து, நம் வாட்ஸப் குழுவில் போட வேண்டும். படத்தில் இரண்டு தலை தெரிந்தால்தான் வண்டி கிளம்பும். பாம்பு என்று வருகிற போனை எடுக்கிற வேலை எனக்கு.

ஒருமுறை ராகவன் சார் குடியிருப்புத் தோட்டத்தில் கருப்பாக ஒரு பெரிய பாம்பு என்று போன். இரண்டு பேர் போய்த் திரும்பினார்கள். இன்னா பாம்புப்பா என்று கேட்டேன். "செடிக்குத் தண்ணி ஊத்தற பைப்பு பெரிம்மா. சுருட்டி ஆணில மாட்டிட்டு வந்தோம். யார் கைலயும் சொல்லாத, சாரு பாவம்" என்றார் வேம்புலி. இத்தனை நாள் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லிவிட்டேன், சார் மன்னிக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதை நேற்றுத்தான் தேசம்மாவிடம் சொன்னேன்.

அந்தச் சனிக்கிழமை சிம்ரனுக்குப் பூந்தமல்லியில் விழா. பாம்பு மீட்கிற முதல் பெண் என்று மேடையில் ஏற்றிச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். அவளுக்குப் பட்டுப் புடவை கட்டிவிட்டு, தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தேன். ஒன்பதரைக்குப் போன் வந்தது. சென்னீர்குப்பம் பக்கம் ஒரு குடியிருப்பில், மோட்டார் ரூமில் நாகம். மற்றவர்கள் வேறு இடத்துக்குப் போயிருந்தார்கள். முறை வேம்புலிக்கும் சிம்ரனுக்கும். அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பூட்ஸை எடுத்தாள். நான் பிடுங்கி வைத்தேன்.

"நீ போவாத. சேத்துல புடவ பாழாப் பூடும். போட்டோ எடுக்கறாங்க."

வேம்புலி வாசலில் நின்று சிரித்தார். "வுடு பெரிம்மா, புள்ள போட்டோக்கு நிக்கட்டும். நான் போயினு வந்துடறேன்."

அவர் போட்ட சட்டம். என் முகத்துக்காக அவரே மீறினார்.

குழுவில் படம் வந்தது. பழக்கத்தில் இடது பக்கம் ஒதுங்கி நிற்கிறார். பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற இடம் காலியாக இருக்கிறது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, கை கூப்புகிற பொம்மை ஒன்றைப் படத்துக்குக் கீழே போட்டேன்.

அங்கே பை பிடிக்க ஆளில்லை. ஒரு கையில் கொக்கி, ஒரு கையில் பை. மணிக்கட்டில் கடித்தது. வண்டி ஓட்டவும் ஆளில்லை. ஆட்டோ வருகிற வரைக்கும் கையை ஆட்டாமல் வைத்துக்கொண்டு, "கொயந்தைங்கள தள்ளி நிக்க சொல்லுங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம். வாட்ச்மேன் சொன்னார். அந்த நேரம் என் பேத்தி மேடையில் படத்துக்கு நின்றாள். சிரி, சிரி என்று கீழே இருந்து சொன்னது நான்.

பதினாறு நாளாகப் போன் அடிக்கிறது, நான் எடுக்கவில்லை. சிம்ரன் பூட்ஸைப் பரண் மேல் போட்டுவிட்டாள். விடிந்ததும் குழுவைத் திறந்தால் கடைசியாகக் கிடப்பது அந்தப் படம்தான். அதற்குக் கீழே என் கும்பிடு. உயிரோடு இருந்தவருக்கு நான் அன்றைக்கே அஞ்சலி செலுத்தியது போல. அந்தக் காலி இடத்தில் சில நாள் சிம்ரன் நிற்பதாகத் தெரிகிறது. சில நாள் புடவையைப் பிடித்துக்கொண்டு நானே நிற்கிறேன். கண்ணை மூடினாலும் அந்த இடம் மூடுவதில்லை.

நேற்று இதையெல்லாம் சொன்னபோது தேசம்மா என்னை அடித்திருக்கலாம். அவள் சொன்னாள்: "நானும் பாத்தேன் அத்தே. ஒத்தையா நிக்கறாரேன்னு தோணுச்சு. உல வெச்சிட்டு வந்து கேக்கலாம்னு பூட்டேன்."

சொந்தங்களே, குழுவில் எண்பத்திரண்டு பேர் இருக்கிறோம். எண்பத்திரண்டு பேரும் பார்த்தோம். இன்னொரு ஆள் எங்கே என்று ஒருவராவது கேட்டோமா?

இந்த வேலையே வேண்டாம், நிறுத்திவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். நிறுத்தினால் போன் நிற்குமா? நம் பிள்ளைகள் சொல்லாமல் கொள்ளாமல் போவார்கள். தனியாகப் போவார்கள், வெறுங்கையோடு போவார்கள். அதற்குத்தானா அவர் கிளாஸ் எடுத்தார்?

தலைவர் வேம்புலி பெயரால் சொல்கிறேன். நாளைக் காலையிலிருந்து போனை நான் எடுப்பேன். ஒற்றைத் தலை தெரிந்தால் வண்டிச் சாவி என் கைக்கு வரும், அது என் வீட்டுப் பிள்ளையானாலும் சரி. நீங்களும் சும்மா பார்த்துவிட்டுப் போகாதீர்கள், கேளுங்கள். தேசம்மா போன வருடமே பை பிடிக்கப் பழகியவள். "இனி நான் வரேன் அத்தே" என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

சிம்ரன், தப்பு உன்னோடது இல்ல கண்ணு. எழுந்து வா. பூட்ஸ பரண்லேர்ந்து நானே எடுத்தாந்து மேடைக்குக் கீழ வெச்சிருக்கேன். அத மாட்டிகினு, ஷெட் வாசல்ல தேசம்மா பக்கத்துல போய் நில்லு. தேவா, ரெண்டு பேரும் நல்லா தெரியற மாதிரி எடுத்து, அந்தப் படத்துக்குக் கீழ ஒரு புதுப் படம் போடுப்பா.