அம்மை இல்லை, அனுஷா

— அம்மை இல்லன்னா, ஒடம்பு பூரா சீழ்க்கொப்புளம் இன்னாத்துக்கு வருது டாக்டரம்மா? உத்திரமேரூர்ல ஒரு வேப்பமரம் வுடாம மொட்ட அடிச்சில்ல இவளப் படுக்க வெச்சேன்!

— சிவகுமார், உங்க சம்சாரம் பேசட்டும். அனுஷா, குளிர் காய்ச்சல் விட்டுடுச்சா?

— வுட்ருச்சிம்மா. எரிச்சல்தான் கீது. பொடவ பட்டா மொளகாத்தூள் கொட்டுனாப்ல கீது.

— சீழை எடுத்து டெஸ்ட் பண்ணினோம். கிருமியே இல்ல. தோல்ல ஒரு துணுக்கு எடுத்தோமே, அதுலயும் உறுதியாயிடுச்சு. சொரியாசிஸ்லயே இது அபூர்வமான வகை. யாருக்கும் ஒட்டாது.

— சீழு கீது, கிருமி இல்லியா? மீனு இல்லாத மீன்கொழம்பாட்டம் கீதே!

— யோவ், செத்த சும்மா இரு. முட்டியில செதில் செதிலா உதுந்துக்கினு இருந்திச்சே, அதுவாம்மா?

— அதேதான். அதுக்கு என்ன சாப்பிட்டீங்க?

— மெடிக்கல்ல குட்டி மாத்திர குடுத்தாங்க. நல்லாக் கேட்டுச்சி. மூஞ்சி உப்பிப்போச்சின்னு பட்டுனு நிறுத்திட்டேன்.

— அது ஸ்டீராய்டும்மா. திடீர்னு நிறுத்தினதுதான் இதைக் கிளப்பிவிட்டிருக்கு. இனிமே என்னைக் கேக்காம எந்த மாத்திரையையும் தொடக்கூடாது, விடவும் கூடாது.

— கேட்டுக்கினியா அனுஷா?

— வாங்கியாந்தது ஆரு? நீதான?

— சண்டைய வீட்ல போய்ப் போடுங்க. இதுக்கு ஒரு நல்ல மாத்திரை இருக்கு. ஆனா அதைச் சாப்பிட்டா, நிறுத்தின பிறகும் மூணு வருஷம் கரு தரிக்கக் கூடாது. குழந்தைக்கு ஊனம் வந்துடும்.

— எழுதுங்கம்மா. கண்ணாலமாயி ஆறு வருசம் ஆச்சி. போவாத கோயிலு இல்ல. தோலாவது மிஞ்சட்டும்.

— இன்னாடி இப்டிச் சொல்லிட்ட?

— நான் சொல்லாம? ஊர்க்கத எல்லாம் பேசற வாயி, கொழந்தப் பேச்சுக்கு மட்டும் தொறக்கவே தொறக்காது ஒனக்கு.

— எனக்கு நீ எந்திரிச்சி நடந்தாப் போதும். எழுதுங்க டாக்டரம்மா.

— எழுதறேன். அதுக்கு முன்னாடி லேடீஸ் எல்லாருக்கும் ஒரு யூரின் டெஸ்ட் பாக்கறது வழக்கம். சிஸ்டர், காலைல இவங்களுக்கு எடுத்த ரிசல்ட்டக் குடுங்க... அனுஷா, அந்த மாத்திரை வேணாம்.

— ஏம்மா? முத்திப்போச்சா?

— சேச்சே. வேற மருந்து இருக்கு, பயப்படாதீங்க. இனிமே நான் ரெண்டு பேருக்கும் சேத்துப் பாத்துதான் எழுதணும்.

— அய்யய்யோ, எனக்கும் வந்துட்ச்சா?

— உங்களச் சொல்லல சிவகுமார். அவங்க வயித்துக்குள்ள இருக்கிற ஆளச் சொல்றேன்.