குணசீலனுக்குக் கைதட்டாதவர்கள்

டீயில் சர்க்கரை போட மறந்துவிட்டார்கள். பரவாயில்லை மேடம், ஏட்டையாவை ஒன்றும் சொல்லிவிடாதீர்கள். மறதி எல்லோருக்கும் வருவதுதான். நான் அதை மனதில் வைத்துக்கொள்ள மாட்டேன்.

நீங்கள் கீழ்நாட்டிலிருந்து மாற்றலாகி வந்தவர், மலைக்குப் புதுசு. அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன். என் பெயர் அர்த்தனாரி. இந்த மலைமேல் வாழவந்தி நாட்டில் மிளகும் மரவள்ளியும் போட்டுப் பிழைக்கிறவன். ஆனாலும் என்னை ஊரில் நாடகக்காரர் என்றுதான் சொல்வார்கள். பொங்கலுக்கு எங்கள் கோயில் முன்னால் போடுகிற நாடகத்தை எழுதுவது நான், வசனம் சொல்லிக்கொடுப்பது நான், கதாநாயகனாக நடிப்பதும் நான். வேறு யாரும் முன்வரவில்லை என்பதால் வந்த பொறுப்பு அது. நான் ஆசைப்பட்டதில்லை.

என் கதாநாயகன் பெயர் குணசீலன். கதை வருடா வருடம் மாறும், குணசீலன் மாற மாட்டான். கூடப் பிறந்தவன் காட்டைப் பிடுங்கிக்கொண்டாலும், கட்டியவள் பேச்சைக் கேட்காவிட்டாலும், ஊரே கூடிப் பழி சுமத்தினாலும் அவன் கையை ஓங்க மாட்டான். நெஞ்சில் கை வைத்து, ‘உன்னை நான் மன்னித்துவிட்டேன்’ என்பான். பிறகு ஏன் மன்னித்தான் என்று விளக்குவான். விளக்கம் கொஞ்சம் நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன். நல்ல விஷயத்தை இரண்டு வார்த்தையில் சொல்லிவிட முடியுமா?

அவனைக் கண்டாலே ஊருக்கு ஆகாது. இதை நான் வெகுநாள் நம்பவில்லை. அவன் மேடைக்கு வரும்போது ஆட்கள் எழுந்து போவதைப் பார்த்து, டீக்குப் போகிறார்கள் என்று நினைத்தேன். அவன் அழும்போது பின்னாலிருந்து வருகிற சத்தம் விசும்பல் என்று நினைத்தேன். அது விசும்பல் இல்லை என்று போன வருடம்தான் தெரிந்தது. குணசீலன் விஷம் குடித்துச் சாகிற காட்சியில், “சீக்கிரம் ஆகட்டுமுங்க, பஸ் போயிரும்” என்று ஒருவர் எழுந்து நின்று சொன்னார். கூட்டம் கைதட்டியது. குணசீலனுக்கு இதுவரை கிடைத்த ஒரே கைதட்டல் அவன் செத்ததற்குக் கிடைத்ததுதான்.

வில்லன் வேங்கையனாக நடித்தவன் முரளி. என் மனைவி கோகிலாவின் தம்பி. அவனை மேடையில் ஏற்றியதே நான். வசனத்தைச் சரியாகப் பாடம் பண்ண மாட்டான், வாய்க்கு வந்ததைப் பேசுவான், மீசையை ஒட்ட மறந்துவிட்டு வந்து நிற்பான். ஆனால் அவன் தலை தெரிந்தால் போதும், கூட்டம் விசிலடிக்கும். குணசீலன் காட்டைத் திருடுகிறான், குணசீலன் வீட்டைக் கொளுத்துகிறான், ஆனாலும் ஜனங்களுக்கு அவனைத்தான் பிடிக்கிறது. இதென்ன நியாயம் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

இந்த வருடப் பொங்கல் நாடகத்துக்கு நீங்களே பந்தோபஸ்துக்கு வந்திருந்தீர்கள். வேப்பமரத்தடியில் நின்றிருந்தீர்கள், எனக்கு நினைவிருக்கிறது. வேங்கையனைக் குணசீலன் மன்னிக்கிற காட்சி. நான் நெஞ்சில் கை வைத்து விளக்கத்தை ஆரம்பித்தேன். பாதியில் முரளி, எழுதிக்கொடுத்த வசனத்தில் இல்லாத ஒன்றைச் சொன்னான்.

“குணசீலா, நீ மன்னிக்கறதுக்குப் பதுலா ரெண்டு அடி அடிச்சிரு சாமி. அது சீக்கிரம் முடிஞ்சிரும்.”

கூட்டம் சிரித்து அடங்க வெகுநேரம் ஆனது. முன்வரிசையில் கோகிலா உட்கார்ந்திருந்தாள். அவளும் சிரித்தாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, உடம்பு குலுங்கக் குலுங்க. கல்யாணத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. மேடையில் விளக்கு முகத்தில் அடித்தாலும் அவள் முகம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அதை யாரோ போனில் எடுத்துவிட்டார்கள். மலை முழுக்கப் பரவியது. அதற்குப் பிறகு நான் அடிவாரத்துக் காரவள்ளியில் பஸ் ஏறினால் போதும். அந்த ரோட்டில் வளைவுக்கு வளைவு ஒருவர் மேல் ஒருவர் சாய்வதுதான் வழக்கம், யாரும் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. இப்போது என் மேல் சாய்கிறவர்கள் எல்லாம், “மன்னிச்சிருங்க குணசீலன்” என்றார்கள். அடுத்த வளைவில் இன்னொருவர். பஸ் மேலே வந்து சேரும் வரைக்கும் இதே கூத்து. கண்டக்டர் உட்படச் சிரித்தார். நான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தேன். எல்லோரையும் மன்னித்தேன். உண்மையாகத்தான் சொல்கிறேன், ஒவ்வொருவராக, முகத்தை நினைவில் வைத்து மன்னித்தேன்.

வீட்டில் கோகிலாவிடம் அமைதியாகக் கேட்டேன். குணசீலனிடம் என்ன குறை, நீயாவது சொல் என்றேன். அவள் மரவள்ளிக் கிழங்கைத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்ததை உரித்து முடித்தாள். பிறகு சொன்னாள்.

“ஏனுங்க, அவன் பேசறது அப்படியே நீங்க ஊட்ல பேசறாப்பலயே இருக்குதுங்க. அங்க எல்லாருங்கூட ஒக்காந்து கேட்டா சிரிப்பு வருது. இங்க தனியாக் கேட்டா பயமா இருக்குதுங்க.”

பயப்பட என்ன இருக்கிறது, சொல்லுங்கள். நான் அவளைத் தொட்டு அடித்தவன் இல்லை. குழம்பில் உப்புக் குறைந்தால் எப்படிக் குறைந்தது, யாரை நினைத்துக்கொண்டு சமைத்தாய் என்று கேட்பேன், அவள் சொல்லி முடித்ததும் மன்னித்துவிடுவேன். ஒருமுறை அவளுடைய போனைக் கல்லில் போட்டு உடைத்தேன். எனக்கு அவ்வளவு கோபம் வரும்படி நடந்துகொண்டாளே என்று அதற்கும் அவளைத்தான் மன்னித்தேன். அவள் முள்ளுக்குறிச்சியில் அம்மா வீட்டுக்குப் போய் இருந்துவிட்டு வந்தபோது, வாசலில் நிற்கவைத்து, அந்தி சாயும் வரை பேசி, மன்னித்து, அதற்குப் பிறகுதான் உள்ளே விட்டேன். எத்தனை பேர் வீட்டில் இந்தப் பொறுமை இருக்கிறது? பெண்களுக்கு வேங்கையன்தான் பிடிக்கிறது என்றால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்.

அந்த வாரமே விழாக் கமிட்டித் தலைவர் செல்லமுத்து வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

“அர்த்தனாரி, அடுத்த வருசம் குணசீலனுக்கு ஓய்வு குடுத்துரலாங்க. வேங்கையனயே கதாநாயகனாப் போடுவோம். சனம் அதத்தான் கேக்குது. முரளியே எழுதிக்கறேங்கறான். நீங்க திரைய இழுங்க, உங்க கை இல்லாம நாடகம் நடக்குமா?”

சரி என்றேன். காபி கொடுத்து அனுப்பினேன். குணசீலனாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான். ஆனால் அவர் போன பிறகு குணசீலன் வசனம் எழுதிய நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஊரில் என்னை நல்லவன் என்று சொல்ல அவன் ஒருவன்தான் இருந்தான். அவனையும் எடுத்துவிட்டால் நான் யார்? இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானேதான் கேட்டுக்கொண்டேன்.

இனி மிளகு பறிப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது தெரியாமல் மீதி புரியாது. எங்கள் மிளகுக் கொடி சில்வர் ஓக் மரத்தில் ஏறிப் படர்ந்திருக்கும். மரம் நெட்டுக்குத்தாக நிற்கும். ஏறுவதற்கு ஒற்றை மூங்கில்தான் ஏணி. பக்கக் கணுக்களைக் கொஞ்சம் விட்டு வெட்டியிருப்போம், அதில்தான் கால் வைக்க வேண்டும். மரத்தடியில் சிறு குழி தோண்டி, மூங்கிலின் அடியை அதில் இறக்கி, ஒருவன் காலால் மிதித்துக் கையால் பிடித்து நிற்பான். ஒரு பக்கம் பறித்து முடிந்தால், ஏறியவன் கிளை வெட்டிய முண்டில் காலை ஊன்றி மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொள்வான். கீழே நிற்பவன் மூங்கிலைத் தூக்கி அடுத்த பக்கத்துக் குழியில் மாற்றிவைப்பான். கொடி அடர்ந்திருப்பதால் மேலே இருப்பவனுக்குக் கீழே எதுவும் தெரியாது. அவன் “இருக்கா?” என்று கேட்பான். கீழே இருப்பவன் “இருக்கு” என்பான். அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் அவன் காலை எடுத்து மூங்கிலில் வைப்பான்.

இந்த மலையில் திருடியவன் உண்டு, அடுத்தவன் காட்டில் வரப்பைத் தள்ளிப் போட்டவன் உண்டு. அந்த ஒரு சொல்லைப் பொய்யாகச் சொன்னவன் கிடையாது. ஜென்மப் பகையாளி மேலே நின்றாலும் அதில் விளையாட மாட்டார்கள்.

வருடா வருடம் எங்கள் காட்டில் முரளிதான் ஏறுவான், நான்தான் பிடிப்பேன். பொங்கல் கழிந்து, தை முடிகிற சமயம், காலையில் வந்தான். வழக்கம்போல மேலே போய்ப் பாட்டுப் பாடிக்கொண்டே பறித்தான். அவன் பறித்துப் போட்ட மிளகுச் சரங்களைக் கோகிலா சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தாள். ஒரு சாக்கு நிறைந்ததும் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட்டாள். அவள் வரப்பில் ஏறும்போது மேலிருந்து அவன் பேசினான். கொடிக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

“ஏனுங்க மாமா, எம்மேல வருத்தமுங்களா?”

“எதுக்கு மாப்ள?”

“குணசீலன எடுத்துட்டாங்கன்னு. நாங் கேக்கலீங்க, அவங்களேதான் சொன்னாங்க. ஆனா மாமா, அன்னிக்கு அக்கா சிரிச்சதப் பாத்தீங்களா? எத்தன வருசமாச்சு அது அப்படிச் சிரிச்சு. எனக்கு அது ஒண்ணு போதுமுங்க.”

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கெட்ட எண்ணத்தில் சொல்லியிருந்தால் அங்கேயே மன்னித்திருப்பேன்.

அந்தப் பக்கம் முடிந்துவிட்டது, மாற்றுங்கள் என்றான். நான் மூங்கிலைத் தூக்கினேன். குழியில் இறக்கவில்லை. பக்கத்தில் பனியில் நனைந்த பாறை ஒன்று இருந்தது, அதன் சரிவில் அடியை வைத்து, மரத்தில் சும்மா சாய்த்தேன். காலையும் எடுத்தேன், கையையும் எடுத்தேன்.

“இருக்கா மாமா?”

“இருக்கு.”

இதில் ஒன்றை நீங்கள் கவனிக்க வேண்டும் மேடம். என் நடிப்பைப் பற்றி எல்லோரும் சொல்கிற குறை, நான் இழுப்பேன், நெஞ்சில் கை வைப்பேன், வசனம் வசனமாகவே தெரியும் என்பது. அன்று நான் சொன்னது ஒரே வார்த்தை. இழுக்கவில்லை, குரலை ஏற்றவில்லை. கேட்டவன் அதை அப்படியே நம்பினான். வரப்பில் போய்க்கொண்டிருந்த கோகிலாவும் நம்பித்தான் திரும்பிப் பார்க்காமல் நடந்து மேட்டுக்கு அந்தப் பக்கம் மறைந்தாள். என் வாழ்நாளில் நான் நன்றாகச் சொன்ன வசனம் அது ஒன்றுதான், அதற்குக் கைதட்ட ஆளில்லை.

விழுந்ததும் அவன் சாகவில்லை. டாக்டர் உங்களிடம் சொல்லியிருப்பார், கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று. என் சட்டைப்பையில் போன் இருந்தது, எங்கள் காட்டில் டவரும் கிடைக்கும். ஆம்புலன்ஸைப் பிறகு கூப்பிட்டேன். அதற்கு முன் அவன் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கண் திறந்துதான் இருந்தது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் நெஞ்சில் கை வைத்து, அன்று மேடையில் அவன் முடிக்கவிடாத காட்சியை முதலிலிருந்து சொன்னேன். ஏன் மன்னிக்கிறேன் என்பதையும் முழுதாக விளக்கினேன். அவன் குறுக்கே பேசவில்லை. யாரும் எழுந்து போகவில்லை. நான் முடிக்கிற வரை அவன் கண் என் முகத்தைவிட்டு அகலவில்லை, அதில் தண்ணீர் வழிந்தது. அப்படி ஒருவர் குணசீலனைக் கேட்டு அழுது நான் பார்த்ததே இல்லை. முரளிக்குக் குணசீலனைப் பிடித்துப்போயிருக்க வேண்டும்.

மூங்கில் தானாகச் சறுக்கியது என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். கோகிலாதான் உங்களிடம் வந்து சொன்னாள் என்று தெரியும். ‘இருக்குன்னு இவரு சொன்னது எங் காதுல கேட்டுச்சு, அப்புறம் எப்படிங்க மூங்கில் சறுக்கும்’ என்று கேட்டாளாம். நியாயமான கேள்வி. இழவு வீட்டில் முரளியின் படத்தை வேங்கையன் மீசையோடு பெரிதாக அடித்து மாட்டியிருந்தார்கள். மலையே திரண்டு வந்து அழுதது. மடியில் வைத்துக் காத்தவனை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதையும் நான் பெரிதுபடுத்தவில்லை.

அவன்மேல் நான் கை வைக்கவில்லை. குணசீலன் யார்மேலும் கை வைப்பதில்லை. ஆனால் அவனைக் கொன்றது நான்தான், தெரிந்துதான் கொன்றேன், அதில் உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம். கோகிலா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள் என்றால், அவளை நான் மன்னித்துவிட்டேன் என்று சொல்லிவிடுங்கள். ஏன் மன்னித்தேன் என்பதை அவளிடம் விளக்கிச் சொல்ல வேண்டும், உள்ளே கூப்பிட்டால் நானே...

எழுந்துவிட்டீர்களா மேடம். நல்ல இடத்தில்தான் எல்லோரும் எழுந்து போவார்கள். அன்று வேப்பமரத்தடியில் நின்று நீங்களும் சிரித்தீர்கள், நான் பார்த்தேன். பரவாயில்லை. உங்களையும் மன்னித்துவிட்டேன்.