களிமண்ணை முதலில் கொத்தியவன்

ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். லண்டனில் ஒரு கடை, இரண்டு வீடு, ஒருவரும் தொடாத களிமண்ணில் கவுன்சில் வாடகைக்குத் தந்த ஒரு தோட்டம், எல்லாம் என் கையால் உண்டாக்கினேன். நேற்று கிழக்கு லண்டன் பார்க்கிங் (Barking) பக்கம் போகும் பஸ்ஸில், முன் சீட்டு மாணவி தம்பியிடம் சொன்னாள்:

“கிழக்கு ஜெர்மனியில அந்தக் காலத்தில இருந்த ஸ்லாவ் சனம் கனத்த மண்ணை உழப் பழகியிருந்தால், அவையின்ர பாஷை தப்பியிருக்கும்.”

“கலப்பையாலயோ பாஷை தப்பும், அக்கா?”

“அந்த மண்ணை உழத்தானே பிரபுக்கள் ஜெர்மன்காரரைக் கூப்பிட்டுக் குடியேத்தினவை! பிறகு ஊர் முழுக்க ஜெர்மன் பாஷைதான்.”

“அப்ப எங்கட தமிழ் தப்பும். கவுன்சில் தோட்டத்துக் களிமண்ணை ஆரோ ஒரு கிழவர் கொத்திப் பூசணி போட்டவராம். அவரைப் பார்த்து எங்கட சனமெல்லாம் வந்து, இப்ப அங்க முழுக்கத் தமிழ்தான்.”

“கட்டுரையில போடுறன். பேர் என்ன?”

“ஆருக்குத் தெரியும்? பேரை விடு.”

என் தரிப்பில் இறங்கி நடந்தபடி மனதுக்குள் சொன்னேன்: அந்த ஆரோ நான்தான், பிள்ளை. கட்டுரையில் என் பேர் வரவேண்டும்.