மயில் விளக்குப் படம்

— இன்னிக்கும் சொல்லாம அனுப்புனீங்கன்னா இதான் கடைசி மாமா. அக்கா கண்டிசனா சொல்லிடுச்சு.

— கத்தாத மச்சான். புள்ள பஞ்சுமிட்டாய் வண்டிகிட்டதான் நிக்குது. காதுல விழப்போவுது.

— விழட்டுமே! வெள்ளிக்கெழம உங்களுக்குக் கல்யாணம். பெத்த பொண்ணுக்குத் தெரியாம எத்தினி நாளைக்கு மூடி வெப்பீங்க?

— உங்க அக்காவே சொல்லியிருக்கலாம்ல?

— நல்லாருக்கே கத! தாலி கட்டப்போறது நீங்க, சேதி சொல்றது எங்க அக்காவா? அவரு வாயால சொன்னா எப்பவும் போல ஞாயித்துக்கெழம சத்யாவ அனுப்புறேன், இல்லன்னா கோர்ட்டுல பாத்துக்குறேன்னுது.

— சரி, சரி... சிதம்பரத்துலேருந்து முதுநகர் வழியாவா வந்தீங்க?

— பின்ன, பஸ்ஸு பறந்தா வரும்? ஏன்?

— எங்க வூட்டு வாசல்ல நேத்துதான் கல்யாணத்துக்கு சீரியல் லைட்டு கட்னாங்க. மெயின் ரோட்டுலேருந்தே தெரியும். பாத்துட்டாளோன்னு...

— நான் முட்லூர்ல கண்ண மூடுனவன். பஸ் ஸ்டாண்டுல உங்க பொண்ணு கிள்ளித்தான் எழுப்புனா. பாத்திருந்தா சும்மா இருப்பாளா, அந்த வாயாடி? இந்தா, வர்றா. நான் டீக்கடையில இருக்கேன். சொல்லிடுங்க மாமா.

— அப்பா! பொங்கலுக்கு இந்த வருசம் பீச்சுல காளமாடு லைட்டு வெச்சிருக்காங்க, பாத்தியா? கொம்பு பச்சையா எரியுது!

— அந்தப் பக்கம் யானை கூட இருக்கு சத்யா. துதிக்கையில தண்ணி ஊத்துற மாதிரியே லைட்டு ஓடுது.

— போன வருசத்து மயிலு?

— அதோ, பெஞ்சுகிட்ட. வா, போட்டோ எடுக்கலாம். போன வருசம் அந்தப் பெஞ்சு மேல ஏறி, எந்தோள்ல கை போட்டுக்கிட்டு நின்னியே, அதே மாதிரி.

— போட்டோ வேணாம்.

— ஏன்டா தங்கம்? அன்னிக்கி சரியா வர்லன்னு திரும்பத் திரும்ப எடுக்கச் சொன்னவ நீதான?

— வேணாம்னா வேணாம்.

— சரி, விடு. மஞ்சக்குப்பம் மைதானத்துல லைட்டு போட்டு கிரிக்கெட் ஆடுறாங்களாம். போவமா?

— போன வாரம் பார்க்கு. அதுக்கு முந்தி பிச்சாவரம் படகு. எல்லாரும் போற எடத்துக்கே கூட்டிட்டுப் போற. உன் வூட்டுக்கு எப்பப்பா கூட்டிட்டுப் போவ?

— வூட்ல பெயிண்டு அடிக்கிறாங்கடா. உனக்கு அந்த வாட ஒத்துக்காது.

— எதுக்குப் பெயிண்டு?

— பொங்கலுக்கு.

— பொங்கலுதான் முடிஞ்சிடுச்சே?

— ஆத்துத் திருவிழா வருதுல்ல... சும்மா தொணதொணக்காத. பலூன் வேணுமா?

— நான் என்ன குட்டிப் பாப்பாவா?

— இல்லடா. பெரிய பொண்ணு. அதான்... அப்பா உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

— சொல்லு.

— நீ கோவிச்சுக்கக் கூடாது. என்ன நடந்தாலும் அப்பா உனக்கு அப்பாதான். சரியா?

— ம்.

— அது வந்து... அடுத்த வாரம் உன்ன சர்க்கஸுக்குக் கூட்டிட்டுப் போறேன்.

— இதான் சொல்லணுமா?

— ஆமா. இதான்.

— அடுத்த வாரம் உனக்குக் கல்யாணம்பா. முதுநகர் முக்குல பேனர் கட்டியிருக்காங்க. உன் பேருக்குப் பக்கத்துல ஜோதிலட்சுமின்னு போட்டிருக்கு. கீழ உன் பிரெண்டுங்க எல்லார் மூஞ்சியும் வரிசையா இருக்கு. மாமா தூங்குச்சு. டிராபிக்குல பஸ்ஸு அங்கயே ரொம்ப நேரம் நின்னுச்சு.

— பேனரா? அந்தப் பயலுங்க எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலியே! என் வாட்ஸப்புலேருந்து எந்தப் போட்டோவ எடுத்துப் போட்டானுங்க?

— இந்த மயிலுகிட்ட எடுத்தத. என்னைய வெட்டிட்டாங்கப்பா. ஆனா உன் தோள்ல என் கை மட்டும் இருக்கு, ரோஸு வளையலோட. அது யாரு கையின்னு அந்த ஆன்ட்டி கேட்டா என்ன சொல்லுவ?