முதலில் வந்தது நிற்கும்

ராத்திரி ஒன்றே முக்கால். மண்ணூருக்குப் பிரிகிற ரோடு. ஒரு பக்கம் கம்பெனிச் சுவர், மறுபக்கம் சீமைக்கருவேலம் புதர். வேன் சுகப்பிரியாவை முக்கில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. ஹாஸ்டலுக்குப் பத்து நிமிட நடை. ஈ காக்கை இல்லை.

யார் இந்தச் சுகப்பிரியா என்கிறீர்களா? என் தோழி சந்தனமாரியின் சித்தப்பா மகள். கோவில்பட்டிப் பக்கம். நான் கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் தாராளமாக எழுந்துபோய்ப் படுக்கலாம்... தனியாகப் போகத் தைரியம் இருந்தால்.

அவளுக்குச் சென்னைப் பக்கம் ஒரகடத்தில் வேலை. போனில் ஒரு தூக்குவாளி தேடினால், ஒரே வாளியைக் காட்டி அதன் கீழே பத்துக் கடையின் விலை வருகிறதல்லவா? அது தானாக வருவதில்லை. பத்துக் கடைக்காரர்களும் அவரவர் இஷ்டத்துக்குப் படம் எடுத்து, பெயர் எழுதி அனுப்புவார்கள். அவை இரண்டிரண்டாக அவள் திரையில் வரும். 'இரண்டும் ஒன்றா?' என்று கேட்கும். 'ஆம்' என்று அழுத்தினால் சேர்ந்துவிடும். முதலில் பதிவானதன் பெயரும் படமும் நிற்கும். பின்னால் வந்ததன் பெயரும் படமும் அழிந்துவிடும். சேர்த்ததைப் பிரிக்கப் பொத்தானே கிடையாது. ஒரு ஷிப்டுக்கு அறுநூறு ஜோடி சேர்க்க வேண்டும்.

அன்றைக்கு மூன்று மாதத் தற்காலிக வேலையின் கடைசி நாள். எண்ணிக்கை குறைந்தால் கழுத்து அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். ஊரில் என்ன இருக்கிறது? தீப்பெட்டி ஆபீஸ். அம்மாவின் விரல்கள் சின்ன வயதிலிருந்து அங்கேதான் தேய்கின்றன. செத்தாலும் திரும்பி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தவள் இவள்.

ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது முடிந்துவிட்டது. கடைசியாகத் தூக்குவாளி. இடது பக்கம் பளபளவென்று புதுசு. வலது பக்கம்... பழையது. கைப்பிடி வளைந்திருந்தது. விளிம்பில் ஒரு பருக்கை காய்ந்து ஒட்டியிருந்தது. நடுவில் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து: 'ஞானம்மா நினைவாக, மண்ணூர்.' செத்தவள் பெயர் நிற்கட்டும் என்று சொந்தபந்தத்துக்குக் கொடுத்த பாத்திரம். எவனோ அதைப் புதுச் சரக்கென்று விற்க வைத்திருக்கிறான். பெயர் வெட்டியதைச் சேர்க்கக் கூடாது, தனியாக ஒதுக்க வேண்டும். ஒதுக்கினால் எண்ணிக்கையில் வராது. ஷிப்ட் முடிய ஒரு நிமிடம்கூட இல்லை.

சூப்பர்வைசர் வசந்தகுமார் பின்னால் வந்து நின்றான்.

"இன்னா, படம் பாத்துக்கினு கீற? ஒண்ணுதான் பாக்கி. அமுக்கறியா, கார்டைக் கழட்டறியா?"

எனக்கு இன்றுவரை பேய் மேல் கோபமில்லை. இவன் மேல்தான்.

இரண்டும் ஒன்றா? ஆம்.

பின்னால் பதிவான பழைய வாளியின் படத்தோடு ஞானம்மாவின் பெயரும் அழிந்தது. அந்த ஏசி அறையில் ஊசிப்போன சோற்று வாடை குப்பென்று அடித்தது. சுகப்பிரியா ஒருத்திக்கு மட்டும்.

இப்போது ரோட்டுக்கு வாருங்கள். நடக்கிறாள்... கிணிங்... கிணிங்... வாளியின் கைப்பிடி ஆடுகிற சத்தம். பின்னாலிருந்து இல்லை. முன்னாலிருந்து. இருபதடி தள்ளி ஒரு பெண் போய்க்கொண்டிருந்தாள். துணைக்கு ஆள் கிடைத்ததே என்று இவளுக்கு முதலில் நிம்மதி. தெருவிளக்கு வெளிச்சத்தில்தான் பார்த்தாள். இவள் போட்டிருந்த அதே பச்சைச் சுடிதார். அதே பை. அதே பின்னல்... கையில் மட்டும் தூக்குவாளி. அதே வாடை.

இவள் நின்றாள். அது நிற்கவில்லை. பேய் துரத்தும் என்பார்கள். இது துரத்தவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இவளுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான் அதற்கு.

அது உறைத்ததும் அதை முந்த ஓடினாள். இடைவெளி குறையவே இல்லை. செருப்பு அறுந்தது. வெறுங்காலோடு ஹாஸ்டலுக்கு வந்தபோது கேட் பூட்டியிருந்தது. வாட்ச்மேன் சுப்பன் டார்ச் அடித்தார். பெயரைச் சொன்னாள்.

"சுகப்பிரியாவா? அந்தப் பொண்ணு இப்பத்தானம்மா உள்ள போச்சு! நீ யாரு?"

கேட்டில் விரல் வைக்கிற மெஷின் இருந்தது. வைத்தாள். 'ஏற்கெனவே உள்ளே' என்று காட்டியது.

ஒரே அறையில் தங்கியிருந்த சந்தனமாரிக்குப் போன் போட்டாள். வாளி, வசந்தகுமார், ரோடு எல்லாவற்றையும் அழுதுகொண்டே கொட்டினாள். அப்படித்தான் நமக்கு இவ்வளவும் தெரியும். சந்தனமாரி தூக்கக் கலக்கத்தில் கேட்டாளே தவிர, நம்பவில்லை. ஏனென்றால் எதிர்க் கட்டிலில் சுகப்பிரியா உட்கார்ந்து, தூக்குவாளியிலிருந்து சோறு எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, அது நானில்லக்கா... மொதல்ல வந்ததுதான்க்கா நிக்கும்... என்னய உள்ள விடச் சொல்லுக்கா..."

"ஏட்டி, எவ நீ? நடுச்சாமத்துல வெளாட்டு காட்டுத?"

கட்டிலில் இருந்தவள் நிமிர்ந்தாள். "இன்னாவாம்? அவளும் நானும் ஒண்ணுதான?"

சந்தனமாரிக்கு விடிந்தால் ஷிப்ட். தூக்கம் கெட்ட எரிச்சல்.

"ஆமா, ஆமா. தின்னுட்டுப் படு."

போனில் அழுகை பட்டென்று நின்றது. பிறகு வேறொரு சத்தம். டிக்... டிக்... டிக்... பாத்திரத்தில் பெயர் வெட்டுகிற உளிச் சத்தம்.

அன்று ராத்திரி கேட்டுக்கு வேறு யாரும் வரவே இல்லை என்று காலையில் சுப்பன் அடித்துச் சொன்னார். ரோட்டில் ஓர் அறுந்த செருப்பு கிடந்தது.

சுகப்பிரியாவுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. தினமும் அறுநூறு, ஒரு தப்பு கிடையாது. வசந்தகுமார் வாயாரப் புகழ்கிறான், பாவி. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கும் பேசுகிறாள். "புள்ள நம்ம பேச்சையே மறந்துட்டா" என்பதுதான் அவள் அம்மாவுக்கு ஒரே குறை.

சந்தனமாரி மறுநாளே வேறு ஹாஸ்டலுக்கு மாறிவிட்டாள். ஆனால் இரண்டு மணியானால் அவள் போன் அடிக்கும். 'சுகா' என்ற பெயரோடு, சிரிக்கிற அந்தப் படத்தோடு. எடுத்தால் ஒரே கெஞ்சல். "ரெண்டும் ஒண்ணு இல்லன்னு ஒரு தடவ சொல்லுக்கா..." இவள் இல்லை, இல்லை என்று கத்துவாள். அந்தப் பக்கம் டிக்... டிக்...

போன மாதம் படம் வருவது நின்றது. போன வாரம் பெயர். நேற்று நம்பரும் இல்லை. வெறும் கறுப்புத் திரை... மணி மட்டும் அடிக்கிறது.