எங்கள் தடத்தில் தண்ணீர் தேங்காது

அன்று பிற்பகல் எங்கள் தோட்டத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் மனைவி சாரதாமணி, மகள் மைதிலி, பண்ணையம் பார்க்கும் பொன்னன், அவன் மனைவி சின்னாயி. வேறு யாரும் இல்லை. முதலில் தடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தடம் தெரியாமல் மற்றது உங்களுக்கு விளங்காது.

தார்ச்சாலையிலிருந்து எங்கள் வீட்டு வாசல் வரை அரைக் கிலோமீட்டர். முப்பத்தொரு வருடத்துக்கு முன் நானே வெயிலில் நின்று கிராவல் கொட்டிப் போட்ட தடம். கிராவல் தடத்துக்குக் கல்லைவிடத் தண்ணீர்தான் முக்கியம். நடுவை நான்கு விரல் உயர்த்திவிட வேண்டும். அப்போதுதான் மழை இரண்டு பக்கமும் வழிந்து ஓரத்து வாய்க்காலில் இறங்கும். வாய்க்காலில் புல் முளைக்க விடக் கூடாது. சக்கரம் ஓடிக் குழிந்த இடத்தை அன்றைக்கே வாரி நிரவ வேண்டும். பாதி வழியில் ஒரு தாழ்வு இருக்கிறது. மேட்டுக்காட்டுத் தண்ணீர் முழுவதும் அங்கேதான் வந்து சேரும். அந்த இடத்தில் தடத்துக்கு அடியில் ஒன்றரை அடி சிமென்ட் குழாய் பதித்திருக்கிறேன். எவ்வளவு பெய்தாலும் தண்ணீர் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் குச்சிக்கிழங்குக் காட்டுக்குப் போய்விடும்.

அதுவரை ஒரே ஒருமுறைதான் அது அடைத்துக்கொண்டது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு, வெள்ளத்தில் அடித்து வந்த மேச்சேரி ஆட்டுக்குட்டி ஒன்று குழாய் வாயில் சிக்கியது. நான் மேலே நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இருபது நிமிடத்தில் தடத்தின் மேல் முழங்கால் தண்ணீர். அடியில் கிராவல் இளகிப் பால் வண்டியின் சக்கரம் புதைந்தது. குட்டியை இழுத்துப் போட்டதும் அரை மணியில் வடிந்துவிட்டது. இந்த மாதிரி விஷயங்களை நான் மறப்பதில்லை.

சாரதாமணி வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள்: "எங்கூட்டுக்காரருக்கு என்னையக் கண்ணாலம் பண்ணுனதே மறந்து போச்சுங்க. தடத்தோடதான் குடும்பம் நடத்தறாரு."

மைதிலிக்கு இருபத்தேழு வயது. நாமக்கல்லில் வேலை பார்த்தாள். அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என் முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, வார திங்கக்கெழம நானும் செந்தமிழனும் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கண்ணாலம் பண்ணிக்கறோமுங்க. உங்களுக்குத் தெரியாமப் பண்ணுனா நல்லாருக்காதுன்னுதான் சொல்றனுங்க."

அவன் யார், எந்தத் தெரு என்பது எனக்கு முன்பே தெரியும். நான் சத்தம் போடவில்லை. மகளைக் கை நீட்டி அடிக்கிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. "யோசிக்கலாம் சாமி" என்றேன். ஐந்து தலைமுறையாகக் கோயிலில் முதல் மாலை எங்கள் வீட்டுக்கு வருகிறது. அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு வராது. யோசிக்க எனக்கு அதிகம் இருக்கவில்லை.

மூன்று மணிக்கு மழை பிடித்தது. விறகு நனையாமல் தார்ப்பாயை இழுத்து மூட மைதிலி கொட்டகைக்கு ஓடினாள். அங்கே நல்ல பாம்பு கடித்தது. பாம்புக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. என் வாய்க்காலில் பாம்பு ஒதுங்க ஒரு புல்கூட இருக்காது.

சின்னாயி போன் போட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். மல்லசமுத்திரத்திலிருந்து முப்பது நிமிடத்தில் வருகிறோம் என்றார்கள். பொன்னன் அதற்குள் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"ஏனுங்க, அம்மிணிய நடுவால உக்கார வெச்சுச் சின்னாயி பின்னால புடிச்சுக்கட்டுமுங்க. கால்மணி நேரத்துல ஆஸ்பத்திரி போயிறலாமுங்க."

"ஆட்டுனா வெசம் ஏறிரும். படுக்க வையி. ஆம்புலன்ஸ் வாசலுக்கே வரும். நம்ம தடத்துல வராத வண்டியாடா?"

பொன்னன் என் பேச்சை மீறியதில்லை. வண்டியை நிறுத்திவிட்டான். சாரதாமணியும் தலையசைத்தாள். அந்தத் தடத்தின் மேல் அவளுக்கும் அவ்வளவு நம்பிக்கை.

மைதிலியைக் கட்டிலில் படுக்க வைத்து, கால் அசையாமல் நானே கட்டினேன். பிறகு, தடம் எப்படியிருக்கிறது என்று பார்த்து வருவதாகச் சொல்லிவிட்டு, தீவனச் சாக்கு இரண்டை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு தாழ்வுக்குப் போனேன். மழையில் சாக்கைத் தலையில் போட்டுக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் யாரும் எதுவும் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது சாக்கு இல்லை. என் ஈரத் தலையைச் சின்னாயி மட்டும் பார்த்தாள். 

மைதிலிக்கு இமை சொருகிக்கொண்டிருந்தது. நாக்குக் குழறியது.

"அப்பா, வண்டி வருதுங்களா?"

"வந்துட்டே இருக்குது சாமி."

அது பொய்யில்லை. வண்டி சொன்ன நேரத்துக்கு வந்தது. தாழ்வில் முழங்கால் தண்ணீர் நின்றது. ஓட்டுநர் துணிந்து இறக்கினார், முன்சக்கரம் புதைந்தது. அவர்மேல் ஒரு தவறும் இல்லை. ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தார்கள். அவளை வைத்துத் தூக்கிக்கொண்டு நடந்தே போனார்கள். பொன்னன் ஒரு முனையைப் பிடித்தான். வண்டியைப் பின்னால் தள்ளி மேலேற்றவும் நேரம் பிடித்தது. சாரதாமணியும் அதில் ஏறிப் போனாள்.

வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது. அரை மணி முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று மருத்துவர் சாரதாமணியிடம் சொன்னாராம். நான் போட்ட கணக்கும் அரை மணிதான்.

அவர்கள் போன பிறகு, கிராவல் நிரப்பிக் குழாய் வாயில் நான் திணித்திருந்த சாக்கு இரண்டையும் பிடுங்கினேன். ஐந்து மணிக்குள் ஒரு சொட்டு இல்லாமல் வடிந்துவிட்டது, அவ்வளவு மழைக்குப் பிறகும். அதைப் பார்க்கப் பக்கத்தில் யாரும் இல்லையே என்று எனக்கு ஒரு குறை இருந்தது.

அது முந்திய வருடத்து ஐப்பசி. காரியம் முடிந்ததும் சாரதாமணி நாமகிரிப்பேட்டையில் தங்கை வீட்டுக்குப் போனாள், திரும்பவில்லை. தை பிறந்ததும் பொன்னனும் சின்னாயியும் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். இந்தப் பங்குனியில் முதல் மாலை எனக்குத்தான் வந்தது. கழுத்தில் போட்டுக்கொண்டு தனியாக வீட்டுக்கு நடந்தேன். வாங்கி ஆணியில் மாட்ட ஆளில்லாததால் படுக்கும்வரை கழுத்திலேயே இருந்தது. தினமும் காலையில் தடத்தை வாருகிறேன். சக்கரம் பதிந்த அடையாளம் ஒன்றும் இருப்பதில்லை. முந்தின நாள் நான் நடந்த அடிகள் மட்டும் இருக்கும். அவற்றை நிரவிவிடுகிறேன்.

போன வாரம் பஞ்சாயத்து ஆபீஸிலிருந்து டேப்போடு இரண்டு பேர் அளக்க வந்தார்கள். மைதிலி நினைவாக அங்கே கான்கிரீட் சாலை போடச் சொல்லிச் செந்தமிழன் மனுக் கொடுத்திருக்கிறான். நகலைக் காட்டினார்கள். தண்ணீர் தேங்கும் பாதையால் ஓர் உயிர் போய்விட்டது என்று எழுதியிருந்தான். ஊரிலும் அன்றிலிருந்து இதுதான் பேச்சாம். பெரியவர் தடத்தைக் கவனிக்காமல் விட்டார், அதனால் பெண்ணைப் பறிகொடுத்தார் என்கிறார்களாம். கொன்றான் என்று யாராவது சொல்லியிருந்தால்கூட நான் பேசாமல் இருந்திருப்பேன். அதனால்தான் நீங்கள் கூப்பிடாமலே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் தடத்தில் தண்ணீர் தேங்காது. முப்பத்தொரு வருடத்தில் இரண்டு முறைதான் தேங்கியது. ஒருமுறை ஆட்டுக்குட்டி அடைத்தது. ஒருமுறை நான் அடைத்தேன்.