வலந்தலைச் சோறு

மிருதங்கத்தின் வலப்பக்கத்தில், அதாவது வலந்தலையில், வட்டமாக இருக்கும் கறுப்பை மை என்று நம்புகிறவர்கள் பலர். நன்றாகப் படித்தவர்களும் அவர்களில் உண்டு. இந்தப் பெரும் பிழையை இன்றோடு ஒழித்தாக வேண்டும். அது சோறு. குழைய வடித்த சோற்றைக் கிட்டான் கல் என்கிற கறுப்புக் கல்லின் பொடியோடு அரைத்து, தோலில் அப்பி அப்பித் தேய்ப்பார்கள். தோல் பேசுவது அதனால்தான்.

ரொம்ப காலத்துக்கு முன்னே, தாது வருஷப் பஞ்சத்தில், வடகால்குடியில் சவேரியாயி என்று ஒருத்தி இருந்தாளாம். புருஷன் பிழைப்புத் தேடிக் கண்டிச் சீமைக்குப் போய்விட்டான். அவன் செய்த மிருதங்கத் தோல் வேலையை இவள் செய்தாளாம்.

ஊர்ப் பண்ணையார் பஞ்சநதம் மிருதங்கம் வாசிப்பவர். திருவிழாவில் சாமிக்கு முன்னால் அவர் வாசித்தாக வேண்டும். பஞ்சமாவது ஒன்றாவது. வாத்தியத்தையும், அதற்கென்று ஒரு கிண்ணம் சோற்றையும் அவள் குடிசைக்கு அனுப்பினாராம்.

சவேரியாயி சோற்றை அம்மியில் வைத்தாள். பொடியை அள்ளினாள். ரெண்டு நாளாக வீறிட்டு அழுத பெண் குழந்தை தவழ்ந்து வந்து அம்மியின் ஓரத்தை நக்கியதாம். பொடி விழுந்துவிட்டால் அந்தச் சோற்றை யாரும் வாயில் வைக்க முடியாது. அள்ளிய கை அப்படியே நின்றதாம். நின்றது, நின்றது, பிறகு பொடியைத் திரும்பச் சட்டியிலேயே போட்டதாம்.

வாத்தியத்துக்கு? வேலம்பிசினில் பொடியைக் குழைத்து அப்பினாளாம். பார்வைக்குப் பளபளவென்றுதான் இருந்தது.

திருவிழாவில் பண்ணையார் நாலு தட்டுத் தட்டினார். கறுப்பெல்லாம் சில்லு சில்லாகப் பெயர்ந்து மடியில் விழுந்ததாம்.

ஆள் போய் அவளைக் கூட்டி வந்தான். கோயில் வாசலுக்கு வெளியே, தூரத்திலேயே நிறுத்தினார்கள்.

"சோறு எங்கடி?"

"பிள்ளைக்குக் குடுத்துட்டேனுங்க, சாமி."

"சாமிக்கு வாசிக்கிற வாத்தியம்டி! இப்படி வாயடைச்சுப் போச்சே!"

"பிள்ளையும் அந்தச் சோத்துலதாங்க வாயடைச்சுது. ரெண்டு நாள் அழுகைங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்களாம். பண்ணையார் சிரிக்கவில்லை.

"பொடி கலந்த சோத்தையா குடுத்தே?"

அவளுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. "ஐயோ, இல்லீங்க. கலக்கறதுக்கு முன்னாடியே எடுத்துட்டேனுங்க."

பண்ணையார் மடியில் கிடந்த சில்லுகளைத் தட்டிவிட்டார். பிறகு, "போ" என்றாராம். அடிக்கவில்லை, கட்டிவைக்கவில்லை. எவ்வளவு பெரிய மனசு என்று ஊரே மெச்சியதாம்.

அடுத்த வருஷமும் பஞ்சம். திருவிழாவுக்குக் கிண்ணம் வந்தது. பண்ணை வீட்டிலேயே பொடியைக் கொட்டிப் பிசைந்து அனுப்பியிருந்தார்கள். வடகால்குடியில் இன்றைக்கும் தோல் வேலைக்காரர் வீட்டுக்குச் சோறு கறுப்பாகத்தான் போகிறது.